கிளினிக் கொப்பியோடு ஒரு பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் வெளிநாட்டில் ஒருவரேனும் இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நல்லூர்த் திருவிழாவுக்கு அவர்கள் இங்கே வருகிறார்கள். பேரப்பிள்ளை பிறந்தால் நாங்கள் அங்கே போகிறோம். அப்படிப் போகிறவர்களிலும் வருகிறவர்களிலும் பலர் இப்போது நீரிழிவுக்கு ஊசி போடுகிறவர்கள், இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை எடுக்கிறவர்கள், சிறுநீரகம் பழுதாகி இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரிக்கிறவர்கள்.

நான் மருத்துவர் அல்ல. கொக்குவிலில் இருந்துகொண்டு, அண்ணா ரொறன்ரோவிலிருந்து வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்போடு வந்தபோது இங்குள்ள ஒழுங்குகளைச் செய்தவள். அம்மாவை, இரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் வார்பரின் குளிசையோடும் இன்சுலினோடும் இலண்டனுக்குக் கூட்டிச்சென்று திரும்பியவள். அதன்பின் உறவினரும் அயலவரும் என்னிடம் கேட்டுவரும் கேள்விகளே இவை. குளிசையின் அளவு, ஊசியின் அளவு பற்றிய முடிவு உங்கள் மருத்துவருடையது. அவரிடம் எதை, எப்போது கேட்க வேண்டும் என்பதைத்தான் நான் சொல்ல முடியும்.

முதலில் டிக்கெட் எடுக்கலாமா? மற்றவற்றைப் பிறகு பார்க்கலாம்தானே?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். நோயாளிக்குச் சிகிச்சை நாள் இருக்கிறது. அந்த நாளுக்கு ஏற்பத்தான் விமானம். எங்கள் வீடுகளில் நடப்பது நேர்மாறு. மலிவாக இருக்கிறது என்று மகன் டிக்கெட்டை எடுத்து அனுப்பிவிட்டு, "அம்மாவை ஆயத்தப்படுத்துங்கள்" என்று தொலைபேசியில் சொல்கிறார். அம்மாவின் கிளினிக் அதற்கு இரண்டு நாள் கழித்து இருக்கும். மூன்று மாதக் குளிசைக்கு அவர் எங்கே போவார்?

குறைந்தது இரண்டு மாதத்துக்கு முன் மருத்துவரிடம் பேசுங்கள். இரத்தச் சுத்திகரிப்பு என்றால் மூன்று மாதம் வேண்டும்.

அண்ணா இரத்தச் சுத்திகரிப்பில் இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்கு வர முடியுமா?

முடியும். என் அண்ணா வந்து, தேர்த் திருவிழா பார்த்துவிட்டுப் போனார். ஆனால் அது நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. அதனால் இந்தப் பதில் நீளும்.

கனடாவிலும் ஐரோப்பாவிலும் வழக்கமாக வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணித்தியாலம் சுத்திகரிக்கிறார்கள். இங்கே இயந்திரங்களின் எண்ணிக்கையும் நோயாளிகளின் எண்ணிக்கையும் பொருந்தாததால் வாரம் இரண்டு முறையோடு வாழ்கிறவர்கள் பலர். யாழ். போதனா வைத்தியசாலையின் இயந்திரங்கள் அந்த மக்களுக்கானவை. வெளிநாட்டிலிருந்து ஒரு மாதம் வருகிறவர் அங்கே ஓர் இடம் காலியாக இருக்கும் என்று நம்பி வருவது, உள்ளூர் நோயாளி ஒருவரின் இடத்தை எதிர்பார்த்து வருவதுதான். தனியார் நிலையத்தில் கட்டணம் செலுத்தி இடம் பிடியுங்கள். அதுவும் திகதி, நேரம் குறித்து எழுத்தில் வரட்டும். "வாருங்கள், பார்க்கலாம்" என்ற வாய்ச்சொல்லை இடமாக எண்ணாதீர்கள்.

அந்த வாய்ச்சொல்லை நம்பியவர்கள் நாங்கள். அண்ணா வந்திறங்கி முதல் நாள் போனபோது, அவர் கொண்டுவந்த ஈரல் அழற்சி இரத்தப் பரிசோதனை அறிக்கை பழையது, புதிதாக எடுத்தால்தான் இயந்திரம் தருவோம் என்றார்கள். அவர்கள் கேட்டது நியாயமானது. முன்கூட்டிச் சொல்லாததுதான் பிழை. முடிவு வர ஒரு நாள் போனது. அன்றிரவு அவரால் படுக்க முடியவில்லை. கதிரையில் உட்கார்ந்தபடியே மூச்சுவிடச் சிரமப்பட்டார். அவசர சிகிச்சைப் பிரிவுக்குத்தான் கொண்டு ஓடினோம். அந்த இரவுக்காகத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

ஆகவே முன்கூட்டி அனுப்ப வேண்டியவை: ஈரல் அழற்சி பி, சி, எச்.ஐ.வி. ஆகியவற்றின் அண்மைய முடிவுகள் (எத்தனை நாளுக்குள் எடுத்தது வேண்டும் என்று கேளுங்கள்), உடலில் மேலதிக நீர் இல்லாதபோதுள்ள உலர் நிறை, சுத்திகரிப்புக்காகக் கையில் அறுவை செய்து அமைத்த நாளத்திலா கழுத்துக் குழாயிலா சுத்திகரிக்கிறார்கள் என்பது, இயந்திரத்தில் இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பரின் அளவு, வடிகட்டியின் வகை, கடைசி மூன்று முறையின் பதிவுகள், ஒவ்வாமைகள், எடுக்கும் மருந்துகள். இரத்தம் ஊறுவதற்குப் போடும் எரித்ரோபொயட்டின் ஊசியும் இருந்தால் அதைக் குளிரில் கொண்டுவர வேண்டும்.

அடுத்தது பயண நாள். ரொறன்ரோவில் வெள்ளிக்கிழமை சுத்திகரித்துவிட்டு அன்றிரவு ஏறினால், இடையில் ஒரு விமானம் மாறி, கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கும்போது ஞாயிறு ஆகிவிடும். அதன்பின் யாழ்ப்பாணத்துக்கு 350 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வீதிப் பயணம். திங்கட்கிழமை காலைக்கு இடம் உறுதியாக இல்லாவிட்டால் கொழும்பிலேயே ஒரு முறை சுத்திகரித்துவிட்டு வடக்கே வாருங்கள். சென்னை வழியாக யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்குப் பறந்து வந்தால் வீதிப் பயணம் மிச்சம். இந்திய விசா தேவையா என்பதை மட்டும் முன்பே பார்த்துவிடுங்கள்.

நாளம் செய்த கையில் பெட்டி தூக்கக் கூடாது. இரத்த அழுத்தம் பார்க்கவும் விடக் கூடாது.

அவர் இங்கே எதைச் சாப்பிடலாம்?

இது உறவினர்களுக்கான பதில். இருபது வருடம் கழித்து வந்தவருக்கு இளநீர் வெட்டாத வீடு ஏது? இளநீரில் பொட்டாசியம் மிக அதிகம். சிறுநீரகம் வேலை செய்யாதவரின் உடலில் அது தேங்கினால் இதயம் நின்றுபோகலாம். வாழைப்பழமும் கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் கீரைகளும்கூட அளவோடுதான். காமரங்காய் ஒரு துண்டும் வேண்டாம். அதிலுள்ள நச்சை ஆரோக்கியமான சிறுநீரகம் வெளியேற்றிவிடும், பழுதானது வெளியேற்றாது. விக்கல், மயக்கம், வலிப்பு வரை அது கொண்டுபோகும்.

நீரும் கணக்குத்தான். நல்லூர் வீதியில் வெயில் கொளுத்தும். தண்ணீர்ப் பந்தலில் மோரும் சர்க்கரைத் தண்ணீரும் அன்போடு நீட்டுவார்கள். அவருக்கு ஒரு நாளைக்கு அனுமதித்த நீரின் அளவு அந்த ஒரு மணித்தியாலத்திலேயே முடிந்துவிடும். அண்ணா ஒரு சிறிய போத்தலில் அன்றைய நீர் முழுவதையும் அளந்து எடுத்துக்கொண்டு திரிந்தார். மாமி கோபித்துக்கொண்டார், விளங்கப்படுத்திய பிறகு அவரே மற்றவர்களைத் தடுத்தார்.

திரும்பிப் போனபின் ஏதாவது பிரச்சினை வருமா?

அங்குள்ள நிலையத்திடம் வெளிநாட்டில் சுத்திகரித்ததை மறைக்காமல் சொல்லுங்கள். தொற்று இல்லை என்று உறுதியாகும் வரை சில காலம் தனி இயந்திரத்தில் விட்டு, திரும்பத் திரும்ப இரத்தம் சோதிப்பார்கள். மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புப் பட்டியலில் இருக்கிறவர், பயணத்தால் அந்த இடம் தற்காலிகமாக நிறுத்தப்படுமா என்று புறப்படும் முன்பே கேட்க வேண்டும்.

அம்மா இன்சுலின் போடுகிறார். விமானத்தில் எப்படிக் கொண்டுபோவது?

கைப்பையில். பெரிய பெட்டியில் ஒருபோதும் வேண்டாம்: சரக்குப் பகுதியில் அது உறையலாம், பெட்டி தவறிப்போகலாம். உறைந்து உருகிய இன்சுலின் பார்வைக்கு நல்லதாகவே இருந்தாலும் வேலை செய்யாது. 100 மில்லிலீற்றர் கட்டுப்பாடு மருந்துக்குப் பொருந்தாது. ஆனால் மருத்துவரின் கடிதமும், பெயர் ஒட்டிய மருந்துப் பெட்டியும் வேண்டும். ஊசிகள் இருப்பதையும் அந்தக் கடிதம் சொல்லட்டும். பனிக்கட்டியோடு நேரே ஒட்டவைக்காதீர்கள். துணியில் சுற்றி வையுங்கள்.

திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகை வரையில் இருக்க வேண்டும். திறந்ததைப் பெரும்பாலும் 28 நாள் வரை, வெப்பம் 30 பாகையைத் தாண்டாத இடத்தில் வைத்திருக்கலாம். நம் சித்திரை வெயிலில் வீட்டுக்குள்ளேயே அதற்கு மேல் போய்விடும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் தங்குகிறவர்கள் ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் ஒரு சிறிய பானையை வைத்து அதில் இன்சுலினை வைக்கலாம். அந்த ஈரம் ஆவியாகும்போது உள்ளே சில பாகை குறையும்.

நேர வித்தியாசத்தில் எப்போது ஊசி போடுவது?

இலண்டன் எங்களைவிடக் கோடையில் நாலரை மணித்தியாலமும் குளிர்காலத்தில் ஐந்தரை மணித்தியாலமும் பின்னால் இருக்கிறது. ரொறன்ரோ ஒன்பதரை அல்லது பத்தரை. மேற்கே போகும்போது நாள் நீள்கிறது, திரும்பும்போது சுருங்குகிறது. வழக்கமான அளவையே சுருங்கிய நாளில் போட்டால் இரத்தத்தில் சீனி இறங்கிவிடலாம். விமான நேரங்களை ஒரு தாளில் எழுதி மருத்துவரிடமோ நீரிழிவுத் தாதியிடமோ கொடுத்து, எந்த வேளைக்கு எத்தனை அலகு என்று அதே தாளில் குறித்து வாங்குங்கள். அம்மாவுக்கு நான் செய்தது அதுதான். அந்தத் தாள் அவருடைய கடவுச்சீட்டுக்குள்ளேயே இருந்தது.

இன்சுலின் முடிந்துவிட்டால் அங்கேயே வாங்கலாமே?

வாங்கலாம், ஆனால் புட்டியில் எழுதியிருக்கும் இலக்கத்தைப் பார்க்காமல் வாங்கினால் ஆபத்து. இங்கே கிளினிக்கில் கிடைப்பது பொதுவாக ஒரு மில்லிலீற்றருக்கு 100 அலகு. சிகிச்சைக்காகவும் கோயில்களுக்காகவும் நாங்கள் போய்வரும் தமிழ்நாட்டில் 40 அலகுப் புட்டி இன்னும் பரவலாக விற்பனையாகிறது. அதற்குத் தனி ஊசிக்குழல். 40 அலகுப் புட்டியிலிருந்து 100 அலகு ஊசிக்குழலில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உடலுக்குள் போவது 8 அலகு மட்டும். மாறாக, 100 அலகுப் புட்டியிலிருந்து 40 அலகு ஊசிக்குழலில் 20 வரை இழுத்தால் போவது 50 அலகு. இரண்டாவது உயிரைப் பறிக்கக்கூடியது. எந்த ஊரில் புட்டி வாங்குகிறீர்களோ, அதே கடையில், அதே இலக்கத்துக்கான ஊசிக்குழலையும் வாங்குங்கள். மேலைநாடுகளில் 200, 300 அலகுப் பேனாக்களும் உண்டு. அந்தப் பேனாவுக்குள்ளிருந்து ஊசிக்குழலால் மருந்தை இழுக்கவே கூடாது.

அங்கே சீனி 7.2 என்று காட்டுகிறது. கருவி பழுதா?

இல்லை. கனடாவும் பிரித்தானியாவும் வேறு அலகில் அளக்கின்றன. அங்குள்ள எண்ணை 18 ஆல் பெருக்குங்கள்: 7.2 என்பது எங்கள் கணக்கில் ஏறக்குறைய 130. சொந்தக் கருவியையும் அதற்குரிய பட்டிகளையும் கொண்டுபோனால் இந்தக் குழப்பம் இல்லை.

விரதகாலத்தில் வருகிறார்கள். ஊசியும் விரதமும் ஒத்துவருமா?

கந்தசஷ்டி ஆறு நாளும் உபவாசம் இருப்பேன் என்று இன்சுலின் போடுகிறவர் சொன்னால், மருத்துவரிடம் கேட்காமல் விடாதீர்கள். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் உபவாசம் வேண்டாம்; பாலும் பழமும் மட்டும் எடுக்கலாமா என்பதையும் அவரிடமே கேளுங்கள். கைப்பையில் குளுக்கோஸ் இருக்கட்டும்.

வார்பரின் எடுக்கிறவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

குளிசையை நிறத்தால் அடையாளம் காணும் பழக்கத்தை விடுங்கள். "நீலம் ஒன்று, பிங்க் பாதி" என்று சொல்கிற பெரியவர்கள் நிறையப் பேர். பிரித்தானியாவில் பிங்க் நிறக் குளிசை 5 மில்லிகிராம். கனடாவிலும் அமெரிக்காவிலும் பிங்க் என்பது 1 மில்லிகிராம். நீலம் பிரித்தானியாவில் 3, கனடாவில் 4. இலண்டனில் ஒரு மகளிடமும் ரொறன்ரோவில் ஒரு மகனிடமும் மாறி மாறித் தங்கும் அம்மாவுக்கு இது எவ்வளவு பெரிய பொறி என்று எண்ணிப்பாருங்கள். மில்லிகிராம் எண்ணை மட்டும் சொல்லப் பழக்குங்கள்.

இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையைப் புறப்படும் முன்னும், போய்ச்சேர்ந்து ஒன்றிரண்டு வாரத்துக்குள்ளும் செய்ய ஒழுங்குசெய்யுங்கள். சாப்பாடு மாறும்போது அது மாறும். ஊரில் முருங்கையிலையும் வல்லாரையும் சாப்பிட்டவர் அங்கே கீரையே காணாமல் இருந்தால் இரத்தம் தேவைக்கு மேல் இளகிவிடும். கீரையை நிறுத்த வேண்டியதில்லை; ஏறக்குறைய ஒரே அளவாக வைத்திருப்பதுதான் முக்கியம்.

இங்கே வருகிறவர்களுக்கு இன்னொன்று: மாரி தொடங்கினால் டெங்குவும் தொடங்கும். காய்ச்சல் வந்தால் இரத்தம் இளக்கும் மருந்து எடுக்கிறவர் ஒரு நாளும் வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அஸ்பிரின், இபுபுரோபன் போன்ற நோவு மருந்துகளையும் தாமாக எடுக்கக் கூடாது.

அங்குள்ள பாமசியில் எங்கள் மருந்தின் பெயரே இல்லை என்கிறார்களே?

வணிகப் பெயரைக் கேட்டிருப்பீர்கள். மருந்தின் பொதுப்பெயரைக் கடிதத்தில் எழுதி வாங்குங்கள். அதிலும் சில பெயர்கள் நாட்டுக்கு நாடு மாறும். எங்கள் கிளிபென்கிளமைட் கனடாவில் கிளைபுரைட், இரண்டும் ஒன்றே. ஊரிலிருந்து கொண்டுபோனதையும் அங்கே எழுதித் தந்ததையும் சேர்த்து விழுங்கிச் சீனி இறங்கி மயங்குவது இப்படித்தான். இங்கே பனடோல், அங்கே டைலனோல். அதுவும் ஒரே பரசிற்றமோல்தான்.

கிளினிக் கொப்பியைக் கொண்டுபோனால் போதாதா?

கொண்டுபோங்கள், ஆனால் அது போதாது. அதில் இருப்பது ஒவ்வொரு கிளினிக் நாளிலும் மருத்துவர் அவசரத்தில் எழுதிய சுருக்கங்கள். நோய், மருந்தின் பொதுப்பெயர், மில்லிகிராம், வேளை, ஒவ்வாமை, கடைசிப் பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றோடு ஒரு பக்கக் கடிதம் ஆங்கிலத்தில் வேண்டும். அதைத் தட்டச்சு செய்து கொண்டுபோய் மருத்துவரின் கையொப்பத்துக்குக் கொடுத்தால் அவருக்கும் இலகு. மூன்று பிரதி: கைப்பையில் ஒன்று, பெட்டியில் ஒன்று, அங்குள்ள பிள்ளையிடம் ஒன்று.

கூடவே தமிழிலும் ஒரு பக்கம் எழுதி அம்மாவிடமே கொடுங்கள். மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மேலைமருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, பாடநூல்களையும் தமிழாக்கிய மண் இது. தன் நோயின் பெயரைத் தன் மொழியில் அறியாமல் ஒருவரை விமானம் ஏற்றுவது எனக்குப் பொறுக்காது.

காப்புறுதி எடுத்தால் எல்லாச் செலவும் கிடைக்குமா?

பெரும்பாலும் இல்லை. பயணக் காப்புறுதி எதிர்பாராத அவசரத்துக்கானது. ஏற்கனவே திட்டமிட்ட இரத்தச் சுத்திகரிப்புக்கோ மாதாந்தக் குளிசைக்கோ அது பணம் தருவதில்லை. சுவிற்சர்லாந்து, பிரான்ஸ், ஜேர்மனி உள்ளிட்ட ஷெங்கன் நாடுகளின் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கும், பெற்றோருக்கான கனடாவின் சுப்பர் விசாவுக்குக் குறைந்தது 100,000 கனடிய டொலருக்கும் காப்புறுதி கேட்கிறார்கள். அந்தத் தொகையைப் பார்த்து மயங்காமல், முன்பே இருந்த நோயைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். கனடியக் காப்புறுதிகள் பலவற்றில் நோய் குறிப்பிட்ட காலம் மாற்றமின்றி இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. அந்தக் காலத்துக்குள் குளிசையின் அளவைக் கூட்டினாலோ குறைத்தாலோகூட மாற்றம் என்றுதான் கொள்வார்கள். நோயை மறைத்து எடுத்த காப்புறுதி, தேவைப்படும் நாளில் வெறும் தாள்.

பிரித்தானியாவுக்குச் சுற்றுலா விசாவில் போகிறவருக்கு அவசரப் பிரிவில் பார்ப்பது இலவசம். வாட்டில் அனுமதித்தால் கட்டணம், அதுவும் வழமையான விலையின் 150 வீதம். 500 பவுண்டுக்கு மேற்பட்ட கடன் இரண்டு மாதம் கட்டப்படாமல் இருந்தால் உள்துறைக்கு அறிவிக்கப்படலாம். அடுத்த விசா அதனால் மறுக்கப்படலாம்.

ஊருக்குப் போகிறவரிடம் குளிசை கொடுத்துவிடலாமா?

எல்லோரும் செய்கிறோம். ஆனால் கோடீன், டிரமடோல் போன்ற நோவு மருந்துகளையும் நித்திரைக் குளிசைகளையும் வேறொருவர் கையில் கொடுக்காதீர்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் இவற்றில் பலவற்றுக்கு முன் அனுமதி வேண்டும். டுபாயில் இரண்டு நாள் இறங்கித் தங்கிப் போகிற தம்பியின் பெட்டியில் அடுத்த வீட்டு ஆச்சியின் குளிசை அகப்பட்டால் விடை சொல்வது அவர்தான்.

வருகிறவர்கள் தங்கள் காலம் முழுவதற்கும், மேலும் இரண்டு வாரத்துக்கும் மருந்து கொண்டுவாருங்கள். 2022இல் இங்கே மருந்துகளுக்கு அலைந்ததை நாங்கள் மறக்கவில்லை.

இங்கே திடீரென்று வருத்தம் கூடினால்?

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவ செரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். நெடுந்தீவுக்குப் போவதென்றால் மட்டும் யோசியுங்கள்: குறிகட்டுவானிலிருந்து ஒரு மணித்தியாலப் படகு, கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. சுத்திகரிப்புக்கு முதல் நாள் அங்கே போக வேண்டாம்.

நாட்டு மருந்தும் சேர்த்து எடுக்கலாமா?

எடுப்பதை இரு பக்க வைத்தியருக்கும் சொல்லுங்கள். வார்பரின் எடுக்கிறவரும் மாற்றுச் சிறுநீரகம் பெற்றவரும் சொல்லாமல் எதையும் தொடக்கூடாது.

மருத்துவர் போக வேண்டாம் என்கிறார். பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

நேராகச் சொல்லுங்கள். பிள்ளைகள் கவலைப்படுவார்கள் என்று நோயை மறைக்கும் தாய்மாரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். என் அம்மாவும் அதைத்தான் செய்தார். இலண்டன் போய்வந்து இரண்டு வருடத்தில் இதயம் பலவீனமாகி, இனி நீண்ட விமானப் பயணம் கூடாது என்றார்கள். அக்கா அடுத்த கோடைக்கு டிக்கெட் எடுக்கப்போவதாகச் சொன்னபோது அம்மா ஒன்றும் பேசாமல் தொலைபேசியை என்னிடம் தந்துவிட்டார். நான்தான் சொன்னேன். அக்கா நெடுநேரம் அழுதார். பிறகு, அம்மாவின் கிளினிக் எந்தக் கிழமை என்று கேட்டார். புதன் என்றேன். அந்த ஆவணியில், ஒரு செவ்வாய்க்கிழமை வந்திறங்கும்படி டிக்கெட் எடுத்து, மறுநாள் காலை கொப்பியையும் எடுத்துக்கொண்டு அம்மாவோடு கிளினிக் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.